அந்த நாய் சுகத்தில் கண் செருகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான, செல்லப் பிராணிகளுக்கான சீன மசாஜ் பற்றிய கட்டுரையைப் படித்தேன். கட்டுரையைவிட அதனுடன் போட்டிருந்த படம்தான் என்னைப் பேனா எடுக்க வைத்தது. ஒரு டாக்ஸ்ஹண்ட் நாய் மேசைமேல் குப்புறப் படுத்திருக்கிறது. வெள்ளைக் கோட்டு அணிந்த ஒருவர் இரண்டு கட்டைவிரல்களையும் அதன் நடுமுதுகில், எலும்பின் மேலேயே வைத்து, முழங்கை விறைக்கும் அளவுக்கு அழுத்துகிறார். கீழே, 'சுகத்தில் கண் செருகிய நிலையில்' என்று ஒரு குறிப்பு. அந்த நாய்க்குக் கண் செருகவில்லை ஐயா. கருவிழி ஓரத்துக்கு ஒதுங்கி, வெண்விழி பிறையாகத் தெரிகிறது. காதுகள் பின்னால் மடிந்து கழுத்தோடு ஒட்டியிருக்கின்றன. நாக்கின் நுனி மூக்கை நக்கிக்கொண்டிருக்கிறது. வாலைக் காணவே காணோம், உள்ளே சுருட்டிக்கொண்டுவிட்டது. பயந்த நாயின் முகம் இப்படித்தான் இருக்கும். கால்நடை மருத்துவமனையில் தரை துடைக்க வந்த பையன்கூட இரண்டே நாளில் இதைக் கற்றுக்கொண்டுவிடுவான்.

நான் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். பணிக்காலத்தின் பிற்பாதியில் துய்னா என்னும் இந்தச் சீனக் கைவைத்தியத்தை முறையாகப் படித்து, வயதான நாய்களுக்கும் சில குதிரைகளுக்கும் செய்தும் வந்தவள். நவீன மருத்துவம் படித்தவருக்கு மரபு வைத்தியம் என்றாலே இளக்காரம் என்று யாராவது சொல்ல வருமுன் இதைச் சொல்லிவைக்கிறேன். எனக்கு இதில் பிடிப்பு உண்டு. அந்தப் பிடிப்பினால்தான் கோபமும் வருகிறது.

'ஐயாயிரம் ஆண்டுகளாகச் சீனர்கள் தங்கள் நாய்களுக்கும் பூனைகளுக்கும் செய்துவரும் மசாஜ்' என்று கட்டுரையாளர் தொடங்குகிறார். பழமை என்று வந்துவிட்டால் ஆண்டுக் கணக்கை யாரும் தட்டிக் கேட்பதில்லை. சீனக் கால்நடை மருத்துவம் மிகப் பழையதுதான்; அதில் ஐயமில்லை. ஆனால் அது முதன்மையாகக் குதிரை வைத்தியம். கி.மு. ஏழாம் நூற்றாண்டில் சின் நாட்டை ஆண்ட மூ கோமகனின் காலத்தவராகச் சொல்லப்படும் போ லே என்பவர், குதிரையைப் பார்த்த மாத்திரத்தில் அதன் தரத்தைச் சொல்லிவிடுவார் என்று பெயரெடுத்தவர். பின்னாளில் எழுந்த குதிரை வைத்திய ஏடுகள் சில அவர் பெயரைச் சொல்லியே மதிப்புத் தேடிக்கொண்டன. மிங் பேரரசின் காலத்தில், 1608-இல், அன்ஹுய் மாகாணத்து லூஆனைச் சேர்ந்த யூ பென்யுவான், யூ பென்ஹெங் என்ற சகோதரர்கள் தந்த 'யுவான் ஹெங் லியாவ் மா ஜி' இந்தத் துறையின் பெருநூல். அது குதிரைகளின் நோய் தீர்க்கும் நூல். பின்வந்த பதிப்புகளில் மாடும் ஒட்டகமும் சேர்ந்துகொண்டன. நாடி பார்ப்பது, ஊசி குத்துவது, இரத்தம் வடிப்பது, பழுக்கக் காய்ச்சிய ஊசியால் சுடுவது, மூலிகைக் கஷாயம் புகட்டுவது, இவைதான் அந்த மரபின் ஆயுதங்கள். படைக்கும் அஞ்சலுக்கும் ஏருக்கும் வண்டிக்கும் உழைத்த விலங்குகளை மறுபடி எழுப்பி நிறுத்துவதற்கான மருத்துவம் அது. மடியில் படுக்கும் நாய்க்கு அங்கே இடம் இருந்ததில்லை.

மனிதருக்கான கைவைத்தியம் வேறொரு தடத்தில் வளர்ந்தது. தாங் பேரரசின் (கி.பி. 7–10ஆம் நூற்றாண்டு) அரண்மனை மருத்துவக் கழகத்தில் ஊசி வைத்தியத்துக்கு ஒரு பிரிவு இருந்ததைப் போலவே, பிடித்துவிடும் வைத்தியத்துக்கும் ஆசிரியரும் மாணவருமாக ஒரு பிரிவு இருந்தது. அன்று அதற்கு ஆன்மோ என்று பெயர். துய்னா என்ற பெயர் மிங் காலத்தில்தான் புழக்கத்துக்கு வருகிறது. அதுவும் குழந்தை வைத்தியத்தோடு ஒட்டிக்கொண்டு. 1601-இல் யாங் ஜிஜோவ் தொகுத்த பெரிய அக்குபங்சர் நூலில் குழந்தைகளுக்குப் பிடித்துவிடும் முறைகள் தனிப் பகுதியாகவே இடம்பெற்றிருக்கின்றன. படித்த நாள் முதல் என் மனத்தில் தங்கிவிட்ட செய்தி இது. எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத நோயாளி, ஊசியைக் கண்டால் அலறும் நோயாளி, கசப்பு மருந்தைத் துப்பிவிடும் நோயாளி. அப்படிப்பட்டவர்களிடம் பழகிப் பழகித் தேறிய விரல்கள் அவை. பின்னாளில் அந்தக் கைமுறை வாயில்லா ஜீவன்களிடம் வந்து சேர்ந்ததில் எனக்கு வியப்பே இல்லை.

வந்து சேர்ந்தது எப்போது என்பதுதான் கேள்வி. நாய்க்கும் பூனைக்கும் இன்று செய்யப்படும் துய்னா, உயிராற்றல் ஓடும் பாதைகள் என்று சீன மருத்துவம் மனித உடலில் குறித்த நாளங்களையும், அவற்றின்மேல் உள்ள புள்ளிகளையும் விலங்கின் உடலுக்கு மாற்றி வரைந்துகொண்டதன் விளைவு. பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் வேலை. 1974-இல் பன்னாட்டுக் கால்நடை அக்குபங்சர் சங்கம் உருவானது. 1998-இல் ஹுய்ஷெங் ஷியே என்ற சீனக் கால்நடை மருத்துவர் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். ஊசி, மூலிகை, உணவு ஆகியவற்றோடு துய்னாவும் அங்கே பாடமாயிற்று. இதையெல்லாம் சொன்னால் கலைக்கு ஒன்றும் குறைவு வந்துவிடாது. ஐம்பது ஆண்டு வயதுள்ள ஒரு நல்ல முறைக்கு ஐயாயிரம் என்று பொய்ச் சான்றிதழ் எதற்கு?

இப்படி மாற்றி வரைந்ததில் வேடிக்கைகளும் உண்டு. குதிரைக்குப் பித்தப்பை கிடையாது. ஆனாலும் பாடப் படத்தில் பித்தப்பை நாளம் குதிரையின் தலையில் தொடங்கிப் பின்னங்கால்வரை ஓடுகிறது. மனிதரில் கைவிரல், கால்விரல் நுனிகளில் தொடங்கியும் முடிந்தும் போகும் நாளங்கள், ஒற்றை விரலில் நிற்கும் குதிரைக்குக் குளம்பின் மேல்விளிம்பைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. வகுப்பில் நான் இதைக் கேட்டபோது ஆசிரியர் சிரித்துவிட்டு, பித்தப்பை என்று சொல்வது உறுப்பை அல்ல, ஒரு செயல்வட்டத்தை என்று விளக்கினார். அந்த விளக்கம் என் தொண்டைக்குள் இறங்கவில்லை. அதற்காக வகுப்பைவிட்டு எழுந்து போகவும் இல்லை.

ஏனென்றால், படத்தை மூடிவைத்துவிட்டு விரலை வைத்துப் பார்த்தால் வேறு கதை. முதுகெலும்பின் இருபுறமும் சிறுநீர்ப்பை நாளம் ஓடுவதாகச் சொல்கிறார்கள். ஒல்லியான நாயின் முதுகில், நடுக்கோட்டிலிருந்து சற்றுத் தள்ளி, விரலை மெல்ல இழுத்துக்கொண்டு வாருங்கள். முதுகை நிமிர்த்தும் இரண்டு நீளத் தசைகளுக்கு நடுவிலுள்ள ஓடையில் விரல் தானாக இறங்கும். சிறுநீர்ப்பைக்கும் அந்த ஓடைக்கும் தொடர்பு உண்டா என்பதை நான் விட்டுவிடுகிறேன். இறுகிய முதுகு தன் இறுக்கத்தை முதலில் காட்டும் இடங்களில் அது ஒன்று. பை ஹுய் என்ற புள்ளி, நாயின் கடைசி இடுப்பு முள்ளெலும்பும் திரிக எலும்பும் சேரும் குழியில் இருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு முன் எபிடூரல் ஊசி (முதுகுத்தண்டு வழியே மரத்துப்போகச் செய்யும் ஊசி) போட நாங்கள் விரலால் தடவித் தேடும் அதே குழி. அந்த இடத்தைக் குறித்துவைத்தவர்கள் விலங்கின் உடலை நன்றாகத் தொட்டுப் பார்த்தவர்கள். அவர்கள் சொன்ன காரணத்தை ஏற்காவிட்டாலும், தொட்டுக் கண்டதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு கிழட்டு லாப்ரடாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு இடுப்பு மூட்டுகளும் தேய்ந்து போயிருந்தன. எக்ஸ்ரே எடுத்து, இரத்தம் பார்த்து, வலி மாத்திரை தொடங்கிய பிறகே அதன்மேல் கை வைத்தேன். வளர்த்த அம்மாள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "டாக்டர், நோவு இடுப்பில்தானே? நீங்கள் வந்ததிலிருந்து தோள்பட்டையையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்களே" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நல்ல நாயே தன் எடையில் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டை முன்னங்கால்களில்தான் தாங்குகிறது. பின்னங்கால் வலித்தால் இன்னும் முன்னால் சாய்ந்து நிற்கும். நமக்கு இருப்பதுபோல் தோளை மார்போடு இணைக்கும் காறையெலும்பு நாய்க்கு இல்லை. முன்னங்கால்கள் வெறும் தசையாலேயே உடம்போடு கட்டப்பட்டிருக்கின்றன. கூடுதல் பாரம் முழுவதும் அந்தத் தசைகளின் தலையில்தான் விடியும். நோய் இடுப்பில், அன்றாட வேதனையில் பாதி கழுத்தடியிலும் தோளிலும்.

அந்த அம்மாளின் கையைப் பிடித்து, தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பில் வைத்தேன். ரோமத்துக்கு அடியில், முறுக்கிய கயிற்றைப் போல ஒரு தசைப்பட்டை. மெல்ல அழுத்தியதும் அந்த இடத்துத் தோல் மட்டும் சட்டென்று துடித்தது. அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "இத்தனை நாள் தடவிக்கொடுத்தும் எனக்கு இது தெரியவில்லையே!" என்றார். தலையையும் காதையும் தடவுகிறோம். உடம்பைத் தொட்டுப் படிப்பது வேறு பழக்கம்.

செய்முறை பார்ப்பதற்கு ஒன்றும் பிரமாதமாக இராது. முதலில் உள்ளங்கை சும்மா கிடக்கும். நாயின் மூச்சு அதன் அடியில் ஏறி இறங்குவதைக் கவனிக்க வேண்டும். பிறகு மோ, தோலின்மேல் வட்டமாகத் தடவுவது. அழுத்தம் என்று ஒன்றும் கிடையாது. ரோவ் என்பது விரல் தோலைவிட்டு நழுவாமல், தோலையும் சேர்த்து அடித்தசைமேல் சுழற்றுவது. தசை இளகத் தொடங்கியதும் நா, கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் தசையைப் பிடித்துத் தூக்கி விடுவது. வாலடியிலிருந்து கழுத்தை நோக்கி முதுகுத் தோலைச் சுருட்டிச் சுருட்டி ஏற்றிக்கொண்டு போகும் நியே ஜி என்ற முறையும் உண்டு. குழந்தை வைத்தியத்திலிருந்து வந்தது. தோல் தளர்ந்த நாய்களுக்கு அது மிகவும் பிடிக்கும். தோல் இறுகிய இடத்தில் சுருள் தடைபடும். அங்கேதான் கை நின்று யோசிக்க வேண்டும். அந்த லாப்ரடார் இதற்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொக்கிவிடவில்லை. கொஞ்ச நேரத்தில் நீளமாக ஒரு மூச்சு விட்டது. மடக்கி வைத்திருந்த பின்னங்காலை, யாரும் கேளாமலே, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டது. எனக்கு அது போதும்.

மூட்டு சரியாகிவிட்டதா என்றால், இல்லை. தேய்ந்த மூட்டு தேய்ந்தபடியேதான் இருந்தது. எழுந்திருக்கும்போது இருந்த தயக்கம் குறைந்தது. படியருகே நின்று முனகுவது குறைந்தது. மாத்திரை, குறைந்த எடை, வழுக்காத விரிப்பு எல்லாமாகச் சேர்ந்து கொடுத்த பலனில் என் கைக்கு எத்தனை பங்கு என்று பிரித்துக் காட்ட என்னால் ஆகாது. கட்டுரையாளருக்கு அந்தச் சங்கடமே இல்லை. 'மாத்திரைகளைத் தூக்கி எறிந்துவிட்டார்கள்' என்று ஒரு குடும்பத்தைப் பற்றி மகிழ்ச்சியோடு எழுதுகிறார். எறிந்த பிறகு அந்த நாய் இரவில் எப்படித் தூங்கியது என்று யாராவது பார்த்தார்களா?

அறிவியல் என்ன சொல்கிறது என்பதையும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடலாம். 1965-இல் மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் வலியைப் பற்றி ஒரு கோட்பாட்டை வெளியிட்டார்கள். தொடுவுணர்ச்சியைக் கொண்டுசெல்லும் நரம்பிழைகள், வலிச் செய்தி மூளைக்கு ஏறும் வாசலைத் தண்டுவடத்திலேயே ஓரளவு அடைத்துவிடுகின்றன என்பது அதன் சாரம். பின்னர் அதில் திருத்தங்கள் வந்திருந்தாலும், இடித்துக்கொண்ட முழங்காலை நாம் ஏன் உடனே தேய்த்துவிடுகிறோம் என்பதற்கு அது நல்ல விளக்கம். மசாஜ் செய்த குதிரைகளின் முதுகு கூடுதல் அழுத்தத்தைத் தாங்குகிறது என்று காட்டிய ஆய்வுகளும் உண்டு. ஆனால் விலங்கு மசாஜ் பற்றிய ஆய்வுகளை மொத்தமாக எடைபோட்டவர்கள், பெரும்பாலானவை சிறியவை, சான்று வலுவற்றது என்றே சொல்லியிருக்கிறார்கள். துய்னாவுக்கென்று தனியாக எடுத்தால் கையிருப்பு இன்னும் சொற்பம். இறுகிய தசை இளகுகிறது, விலங்கு அமைதியடைகிறது, சிறிது நேரத்துக்கு வலி தணிகிறது; இந்த அளவுக்கு நான் உறுதியாகப் பேசுவேன். புற்றுநோய், சிறுநீரகக் கோளாறு, மலட்டுத்தன்மை என்று கட்டுரை அடுக்கிக்கொண்டே போகும் பட்டியலில் எனக்குப் பங்கில்லை.

'உடலில் தேங்கிய நச்சுகளைப் பிழிந்து வெளியேற்றுகிறது' என்ற வரிக்கும் ஒரு வார்த்தை. ஓடிக் களைத்த தசையில் சேரும் லாக்டேட், யாரும் பிழியாமலே ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்தோடு கலந்து தீர்ந்துவிடுகிறது. மற்ற கழிவுகளை அகற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. எந்த நச்சு, எவ்வளவு, எந்த வழியாக வெளியேறியது என்று கேட்டால் இந்த வாக்கியத்தை எழுதுகிறவர்கள் யாரும் பதில் சொல்லிக் கேட்டதில்லை.

மூட்டு வலிக்கு வலுவான சான்றுள்ள வழி ஒன்று உண்டு; அதைச் செய்யச் சொன்னால்தான் முகம் சுருங்கும். லாப்ரடார் நாய்கள் 48-ஐ ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு நாய்க்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாக உணவு கொடுத்து, வாழ்நாள் முழுவதும் கவனித்த ஆய்வு 2002-இல் வெளியானது. குறைவாகத் தின்ற நாய்கள் சராசரியாக இரண்டாண்டுக்குச் சற்றே குறைவான காலம் கூடுதலாக வாழ்ந்தன. பாதி நாய்களுக்கு மூட்டுத் தேய்மானத்துக்குத் தொடர் சிகிச்சை தேவைப்பட்ட வயது, நன்றாகத் தின்றவற்றில் 10.3, குறைவாகத் தின்றவற்றில் 13.3. மூன்று ஆண்டு! எந்த மசாஜ்காரராலும் இதைக் கொடுக்க முடியாது, நான் உட்பட. ஆனால் உணவுக் கிண்ணத்தைச் சிறிதாக்குவதில் கவர்ச்சி ஏது? அதற்கு ஞாயிறு இணைப்பில் வண்ணப் படம் போட யார் வருவார்கள்?

இதுவரை சொன்னதெல்லாம் மிகைப்படுத்தலைப் பற்றிய குறை. 'பக்கவிளைவே இல்லாதது, யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே செய்யலாம்' என்ற வரி அப்படிப்பட்டதன்று. அது ஆபத்தானது. டாக்ஸ்ஹண்ட் இனத்தில் முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் இளவயதிலேயே உலர்ந்து சுண்ணாம்பேறத் தொடங்கிவிடுகிறது. ஒருநாள் சோபாவிலிருந்து குதிக்கும்போது அது பிதுங்கித் தண்டுவடத்தை நசுக்கும். முதலில் முதுகைக் கூனிக்கொண்டு நடுங்கும், தூக்கினால் கத்தும், அப்புறம் பின்னங்கால் பின்னும், அப்புறம் விழும். இந்த மூன்று நிலைகளுக்கும் நடுவில் சில மணி நேரமே இருக்கலாம். அந்த நேரத்தில் தேவை அசையாத ஓய்வும் ஸ்கேனும், தேவைப்பட்டால் உடனடி அறுவை சிகிச்சையும். கால்விரலை நசுக்கினாலும் வலி தெரியாத நிலைக்குப் போய்விட்டால் மறுபடி நடக்கும் வாய்ப்பு மளமளவென்று சரிந்துவிடும். அப்படிப்பட்ட இனத்து நாயின் நடு முதுகெலும்பில் இரண்டு கட்டைவிரல்களை ஊன்றி அழுத்துவதை முன்மாதிரிப் படமாகப் போட்டிருக்கிறீர்கள். துய்னா படித்த எவரும் எலும்பின்மேல் அழுத்த மாட்டார்கள். முதல் வகுப்பிலேயே சொல்லித் தருவது அது.

பூனையின் கதை இன்னும் கொடியது. நள்ளிரவில் ஒரு பூனையின் பின்னங்கால்கள் இரண்டும் திடீரென்று செயலிழந்துவிட்டன. வீட்டார் எதையோ பார்த்து, 'ஓட்டம் தடைபட்டிருக்கிறது' என்று நம்பி, விடியும்வரை மாறி மாறிக் கால்களை உருவிவிட்டிருக்கிறார்கள். என்னிடம் கொண்டுவந்தபோது கால்கள் சில்லிட்டிருந்தன; பாதத்தின் மெத்தைகள் நீலம் பாய்ந்திருந்தன; தொடை இடுக்கில் நாடி இல்லை. ஓட்டம் தடைபட்டது உண்மைதான். தடித்துப்போன இதயத்தில் உருவான இரத்தக்கட்டி ஒன்று, பெருந்தமனி பின்னங்கால்களுக்குப் பிரியும் முனையில் போய் அடைத்துக்கொண்டிருந்தது. பூனைகளில் வரக்கூடிய வலிகளில் இதைவிடப் பெரியது அதிகமில்லை. வலிக்கு ஊசி போட வேண்டிய இரவில் அதன் கால்களைப் பிடித்துத் தேய்த்திருக்கிறார்கள். பாசத்தோடுதான் செய்தார்கள், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று எழுதிவைத்தவர்களைக் குறை சொல்கிறேன். அந்தப் பூனை பிழைக்கவில்லை.

காய்ச்சல், எலும்பு முறிவு, வீங்கிச் சிவந்த மூட்டு, திறந்த புண், தொற்றுள்ள தோல், இரத்தம் உறையாத கோளாறு, கட்டி இருக்கும் இடம், சினையாயிருக்கும் விலங்கின் வயிறும் இடுப்பும்: இங்கெல்லாம் கை போகக் கூடாது. திடீரென்று வந்த எந்த முடக்கத்துக்கும் மசாஜ் மருந்தாகாது. இவ்வளவையும் ஒரு சிறு கட்டத்துக்குள் போட்டிருக்கலாம். அந்த இடத்தில் வாசனை எண்ணெய் பற்றிய குறிப்பைப் போட்டிருக்கிறீர்கள். பூனை தன் உடம்பில் பட்ட எதையும் நக்கித் தின்றுவிடும். வாசனை எண்ணெய்களில் உள்ள பல பொருள்களைப் பிரித்து வெளியேற்றும் திறன் அதன் கல்லீரலுக்குக் குறைவு. அதையும் திருத்திப் போடுங்கள்.

இந்த வைத்தியம் பிறந்த சீனாவில் நிலைமை என்ன என்றும் வாசகர்களுக்குத் தெரிய வேண்டும். 1904-இல் பாவ்திங் நகரில் படைக் குதிரைகளுக்காக நவீனக் கால்நடை மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. அதன் பிறகும் ஊர்ப்புறத்து வைத்தியர்கள் தங்கள் வேலையை விட்டுவிடவில்லை. 1956-இல் அரசே அவர்களை ஆதரித்து ஆணை வெளியிட்டு, அவர்களின் அறிவைத் திரட்டிப் பாடமாக்கத் தொடங்கியது. இன்று அங்கே மரபுக் கால்நடை மருத்துவம் வேளாண் பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப்படுகிறது. உரிமம் பெற்ற கால்நடை மருத்துவராக வேண்டுமானால் தேர்வு எழுதியாக வேண்டும். 2010 முதல் அது நாடு முழுவதற்குமான தேர்வு. அறுவை சிகிச்சை, உள்மருத்துவம் ஆகியவற்றோடு மரபு மருத்துவமும் அதே தேர்வில் ஒரு பாடம். ஒன்றைப் படித்து மற்றதை விட்டுவிட வழியில்லை. சீனர்கள் இதை மதிக்கும் விதம் இது. சில நாள் பயிற்சியும் ஒரு சுருட்டிய சான்றிதழும் போதும் என்று தங்கள் கட்டுரை சொல்வது வேறு விதம்.

விலங்கு இதை விரும்புகிறதா என்பதை அதனிடமே கேட்கலாம். பதிலைப் படிக்கத்தான் பொறுமை வேண்டும். குதிரை தலையைத் தாழ்த்தும், இமை கனக்கும், வாயில் ஒன்றுமே இல்லாமல் மென்று நாக்கைச் சுழற்றும். பெரும்பாலும் இறுக்கம் விட்டதன் அடையாளம். நாயிடம் கவனம் தேவை. கொட்டாவி விடுவதும் உதட்டை நக்குவதும் நாய்க்குச் சங்கடத்தின் அடையாளமாகவும் இருக்கலாம். உடம்பு தளர்ந்திருக்கிறதா, விறைத்திருக்கிறதா என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். நான் கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பேன். நாய் நகர்ந்து வந்து கைக்கடியில் புகுந்துகொண்டால் தொடர்வேன். எழுந்து உதறிக்கொண்டு போனால் அன்றைக்கு அவ்வளவுதான். பூனை தொண்டைக்குள் 'குர்குர்' என்று ஒலித்தால் இன்பம் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். வலி தாளாத பூனையும் அப்படி ஒலிப்பதைக் கேட்டிருக்கிறேன். அதன் வால் நுனி பேசும். நுனி துடிக்க ஆரம்பித்ததும் நிறுத்திவிடுங்கள், அடுத்தது நகம்.

வளர்ப்பவர்கள் வீட்டில் ஒன்றுமே செய்யக் கூடாதா என்று கேட்பார்கள். செய்யலாம். மருத்துவர் பார்த்துச் சரி என்ற பிறகு, வயிறு நிறைந்திராத வேளையில், விரித்த உள்ளங்கையால், ரோமம் படிந்த திசையில், கழுத்திலிருந்து வால்வரையும் தோளிலிருந்து பாதம்வரையும் மெல்லத் தடவிக்கொண்டு வாருங்கள். உங்கள் கையின் எடைக்கு மேல் அழுத்தம் வேண்டாம். எங்கே சூடு, எங்கே குளிர்ச்சி, எங்கே தோல் துடிக்கிறது, நேற்றில்லாத முடிச்சு எங்கே என்று கவனியுங்கள். இப்படித் தினமும் தடவிக்கொண்டிருந்த ஒருவர், தன் பெண் நாயின் மடிக்காம்பு ஓரத்தில் பயறளவு கட்டி ஒன்றைக் கண்டு உடனே தூக்கிவந்தார். சிறிதாக இருக்கும்போதே வெட்டி எடுத்துவிட்டோம். அந்த நாய் அதன் பிறகு நெடுநாள் வாழ்ந்து, வேறு காரணத்தால் முதுமையில் இறந்தது. துய்னா எனக்குக் கொடுத்தவற்றுள் பெரியது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். நாளமும் புள்ளியும் பிற்பாடு.

தங்களிடம் நான் கேட்பது இரண்டு. எப்போது கை வைக்கக் கூடாது என்ற பகுதியை அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே, கட்டுரை வந்த அதே பக்கத்தில் வெளியிடுங்கள். மூலையில் போடும் திருத்தம் வேண்டாம். இதுபோன்ற கட்டுரைகளை அச்சேற்றுமுன் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். நானே பார்த்துத் தரவும் தயார்.

கட்டுரையைப் படித்துவிட்டு ஏற்கெனவே யாரிடமாவது நாளும் நேரமும் வாங்கிவிட்ட வாசகர்களுக்கும் ஒன்று. போனதும், நாயை மேசைமேல் ஏற்றுமுன், எக்ஸ்ரேயையும் மருத்துவர் சீட்டையும் அவர் கேட்கிறாரா என்று பாருங்கள். நடக்கவிட்டுப் பார்க்கிறாரா, வேறு என்ன மருந்து தருகிறீர்கள் என்று விசாரிக்கிறாரா, அதுவும் பாருங்கள். மாத்திரையை நிறுத்திவிடுங்கள் என்று ஆரம்பித்தாலோ, 'எக்ஸ்ரே எல்லாம் எதற்கு, என் விரலுக்கே தெரியும்' என்றாலோ, நாயைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். கட்டிய முன்பணம் போனால் போகட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்